காத்தல் யார் தொழில்?

2022 நவம்பர் 23ஆம் தேதி காலை தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் கைவிரித்தன. புறநோயாளிச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, உள்நோயாளிச் சேர்க்கை எல்லாம் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பின. ஏறக்குறைய இரண்டு வாரம் அப்படித்தான் ஓடியது. ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் எய்ம்ஸும். இந்தப் பக்கம் லக்ஷ்மிபாய் நகர். மத்திய அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி, பக்கத்திலேயே ஐ.என்.ஏ. சந்தை என்று பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய வட்டாரம். கோப்புகளை நம்பிப் பிழைப்பவர்களின் வட்டாரமும் அதுதான்.

பிறகு அரசு நாடாளுமன்றத்தில் விவரம் சொன்னது. ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டன. தாக்கியவர்கள் சுமார் 1.3 டெராபைட் தரவைப் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து, இ-ஹாஸ்பிடல் என்னும் மருத்துவமனை மென்பொருளின் தரவு மீட்கப்பட்டு, புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது. அளவில் அது பெரிய தரவு அல்ல. இன்று சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரே டிஸ்க் அதைப்போல் பத்து மடங்கைத் தாங்கும். கவனிக்க வேண்டியது வேறொன்று. பழைய சர்வர்கள் போய்ப் புதியவை வந்தன. அவற்றில் ஏறியது அதே தரவுதான் என்று மருத்துவர், நோயாளி, அமைச்சகம் எல்லோரும் தயக்கமில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். எழுதப்பட்ட இடம் எதுவும் பழையதாக இல்லாதபோது, நிலைத்திருந்தது எது?

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்டு, நிறைவடையாமல் காஞ்சிக்குப் போய், அறவண அடிகளிடம் பௌத்த தருக்கத்தையும் பன்னிரு நிதானங்களையும் கற்கிறாள். எல்லாப் பொருளும் கணந்தோறும் தோன்றிக் கணந்தோறும் அழிகிறது. நிலைப்பதாகத் தெரிவது அறுபடாமல் ஓடும் தொடர் மட்டுமே என்பது பௌத்தர்களின் கணபங்கக் கொள்கை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தர் நால்வகையினரையும் வரிசையாக நிறுத்தி வாதாடினார். கணபங்கத்தை மறுத்த பல தரப்பாரும் கையிலெடுத்த கேள்விகள் இரண்டு. நேற்றுச் செய்த வினையின் பயனை இன்று நுகர்பவன் யார்? நேற்றுக் கண்டதை இன்று நினைத்துப் பார்ப்பவன் யார்?

அந்த வாதத்தில் முதலிலிருந்தே நினைவுதான் சாட்சிக் கூண்டில் நின்றது. இன்று நினைவைச் சேமிக்கும் இயந்திரத்தை வாங்குகிறவர்கள், அறிந்தோ அறியாமலோ, அதே வழக்கில் தீர்ப்பு எழுதுகிறார்கள். அரசுத் துறை, மருத்துவமனை, வங்கி எதுவானாலும் முழுக்க ஃபிளாஷ் டிஸ்க்குகளைக் கொண்ட சேமிப்புக் கிளஸ்டர் அமைக்க சர்வர் தேர்ந்தெடுக்கும்போது, நிலைத்தல் பற்றி ஒரு கொள்கையை விலை கொடுத்து வாங்குகிறது.

பழைய கொள்கை எளிமையானது. அழியாத ஒரு பொருளை வாங்கு. அதற்குள் எல்லாவற்றையும் வை. அலமாரி அளவில் ஒரே பெரிய சேமிப்புப் பெட்டி, அதன் மூளை இரட்டை, மின்சாரம் இரட்டை, விலையோ பல மடங்கு. புதிய கொள்கை நேர் எதிரானது. எதுவும் அழியும் என்று ஒப்புக்கொள். அழிவதற்குள் இன்னொன்றில் எழுதிவிடு. சேஜ் வைல் என்பவர் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது உருவாக்கி, 2006இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட ‘செஃப்’ என்னும் மென்பொருள் இந்த இரண்டாவது மரபைச் சேர்ந்தது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் உட்படப் பல இடங்களில் அது ஓடுகிறது. சாதாரண சர்வர்களைக் கூட்டமாகச் சேர்த்து, ஒவ்வொரு தரவுத் துண்டையும் வழக்கமாக மூன்று சர்வர்களில் எழுதிவைப்பது அதன் வேலை. ஒரு சர்வர் செத்தால், மிஞ்சியவை தங்களுக்குள் பேசி மூன்றாவது பிரதியை வேறிடத்தில் உண்டாக்கிவிடும்.

இதில் ஃபிளாஷ் சேரும்போது கணபங்கம் இன்னும் நெருங்கி வருகிறது. ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்துப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா. இன்றைய டிஸ்க்குகளில் உள்ள நாண்ட் வகையை அவர் குழு 1987இல் அறிவித்தது. மின்காப்புச் சுவர் சூழ்ந்த நுண்ணறைக்குள் எலக்ட்ரான்களை அடைத்துவைப்பதே அதன் சூட்சுமம். அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் உயர்ந்த மின்னழுத்தம் அந்தச் சுவரைச் சிறிது அரிக்கிறது. அறைக்கு ஒரு பிட் வைத்தால் சுமார் 1 லட்சம் முறை தாங்கும். மூன்று பிட் வைக்கும் டி.எல்.சி. வகை சில ஆயிரம் முறை. நான்கு பிட் வைக்கும் கியூ.எல்.சி. அதைவிடக் குறைவு, விலையும் குறைவு. நினைவில் வைக்கும் செயலே நினைவகத்தின் ஆயுளைத் தின்கிறது.

எழுதியதன்மேல் எழுதவும் ஃபிளாஷில் வழியில்லை. ஒரு வரியைத் திருத்தினால், திருத்திய பிரதி வேறு இடத்தில் போய் உட்காரும். பழைய இடம் பிறகு மொத்தமாகத் துடைக்கப்படும். எல்லா அறைகளும் சமமாகத் தேயும்படி, தொடாத தரவைக்கூட டிஸ்க்கின் உள் மென்பொருள் அவ்வப்போது இடம் மாற்றும். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு ஊழியர் ஆர்.கே. புரத்துக்கு மாறிப்போனால், எஸ்டேட்ஸ் இயக்ககத்தின் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே புதிய கதவெண் ஏறுகிறதே, அப்படி டிஸ்க்குக்குள் ஒரு பதிவேடு ஓயாமல் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது. செஃப் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பதிவேட்டையே ஒழித்துவிட்டது. தரவின் பெயரையும் எந்தெந்த சர்வர்கள் உயிரோடு இருக்கின்றன என்ற வரைபடத்தையும் கொடுத்தால், அது எங்கே இருக்க வேண்டும் என்பதை யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கணக்கின் பெயர் கிரஷ்.

ஆக, காலையில் எழுதிய மருந்துச் சீட்டு மாலையில் அதே அறையில், சில ஆண்டுகள் கழித்து அதே டிஸ்க்கில், பத்தாண்டு கழித்து அதே சர்வரில் இருக்கும் என்பதில்லை. ஆனால் சீட்டு இருக்கும். பௌத்தர் சொன்ன தொடர் இதுதான்: பொருள் இல்லை, ஓட்டம் உண்டு.

ஓட்டத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. சர்வர் தேர்வு என்பது அந்த நிபந்தனைகளின் பட்டியல்தான். முதலாவது ஆயுள். ஒரு டிஸ்க்கின் முழுக் கொள்ளளவை நாளுக்கு எத்தனை முறை நிரப்பி எழுதலாம் என்று தயாரிப்பாளர் உறுதி தருவார். 7.68 டெராபைட் டிஸ்க்கை நாளுக்கு ஒரு முறை வீதம் ஐந்தாண்டு நிரப்பினால் சுமார் 14,000 டெராபைட். மூன்று பிரதிக் கணக்கில் பயனாளி எழுதும் ஒவ்வொரு டெராபைட்டும் கிளஸ்டரில் மூன்றாகிறது. டிஸ்க்கின் உள் இடமாற்றங்கள் அதன்மேல் வட்டி. இரண்டாவது, மின்சாரம் போகும் கணம். நிறுவனங்களுக்கான டிஸ்க்குகளில், கரண்ட் போனாலும் கையிலிருக்கும் தரவை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேக்கும் மின்தேக்கிகள் இருக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் டிஸ்க்கில் பெரும்பாலும் இருக்காது. எழுதியாயிற்று என்று வாக்குக் கொடுப்பதற்கு முன் செஃப் உண்மையாகவே எழுதச் சொல்லும் என்பதால், மின்தேக்கி இல்லாத டிஸ்க் இந்தக் கிளஸ்டரில் ஆமையாகிவிடும்.

மூன்றாவது, கூட்டத்தின் அளவு. வேகமான என்.வி.எம்.இ. வகை ஃபிளாஷ் டிஸ்க் ஒன்று வினாடிக்குச் சுமார் 7 கிகாபைட் படித்துத் தரும். அப்படி 24 டிஸ்க்குகளை ஒரே சர்வரில் அடுக்கினால் 100 கிகாபிட் நெட்வொர்க் இரண்டு டிஸ்க்குகளின் வேகத்திலேயே மூச்சு வாங்கும். அந்த சர்வர் விழுந்தால் 24ம் சேர்ந்து விழும். 15.36 டெராபைட் டிஸ்க்குகள் பத்துக் கொண்ட ஒரு சர்வர் போனால், மீண்டும் எழுத வேண்டியது 150 டெராபைட்டை நெருங்கலாம். 100 கிகாபிட் கம்பி முழுவதையும் அதற்கே கொடுத்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல். அன்றாட வேலைக்கு நடுவில் அது பல மடங்காகும். அதனால்தான் அனுபவசாலிகள் சில பெரிய சர்வர்களைவிடப் பல சிறிய சர்வர்களை விரும்புகிறார்கள். மூன்று பிரதிக்கு மூன்றே சர்வர் வாங்கினால், ஒன்று விழுந்தபின் மூன்றாவது பிரதிக்குப் போக்கிடம் கிடையாது. இடமும் காலியாக இருக்க வேண்டும். 85 விழுக்காடு நிரம்பியதுமே செஃப் எச்சரிக்கும். 95ஐத் தொட்டால் எழுத மறுத்துவிடும். நிரம்பி வழியும் கிளஸ்டர் தன்னைக் குணப்படுத்திக்கொள்ள முடியாது.

தமிழ்நாடு இந்த ஏற்பாட்டை வேறு பொருள்களால் செய்து பார்த்திருக்கிறது.

தேவாரம் கிடைத்த கதை எல்லோருக்கும் தெரியும். உமாபதி சிவாசாரியாருடையதாகச் சொல்லப்படும் திருமுறைகண்ட புராணம் விவரிப்பது இது: சிதம்பரத்தில் பூட்டிய அறை ஒன்றில் ஏடுகள் இருந்தன, மூவரும் வந்தால்தான் திறக்கலாம் என்றார்கள், சோழ மன்னன் மூவர் திருமேனிகளையே எழுந்தருளச் செய்து திறக்க வைத்தான், உள்ளே ஏடுகளைக் கரையான் மூடியிருந்தது. எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். இன்று கையில் இருப்பவை ஏறக்குறைய 800 பதிகங்கள். பூட்டு பலமாக இருந்தது, காவல் இருந்தது, புனிதம் இருந்தது. பிரதி எடுக்கும் வேலை நடக்கவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ஏற்பாடு வேறு மாதிரி. திருப்பதியம் பாட 48 பேர், உடன் வாசிக்க இருவர், ஆக 50 பேரை அவன் நியமித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். அதைவிட முக்கியமானது அடுத்து வரும் நிபந்தனை. இவர்களில் இறந்தவர் அல்லது ஊரைவிட்டுப் போனவர் இடத்தில் அவருடைய நெருங்கிய உறவினர் நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை வைக்க வேண்டும். ஐம்பது பேரும் சாவார்கள் என்பதை ஒப்புக்கொண்டு எழுதிய ஆவணம் அது. செஃப் போன்ற ஒரு கிளஸ்டரின் அமைப்புக் கோப்பில் இருப்பவையும் இவைதான்: எத்தனை பேர், என்ன தீனி, ஒருவர் போனால் யார்.

சைவ சித்தாந்தம் இந்த நடைமுறைக்கு ஒரு தத்துவச் சட்டமும் தருகிறது. இறைவனின் ஐந்தொழில்கள் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். படைத்துவிட்டால் உலகம் தானே நின்றுகொள்ளும் என்று சித்தாந்தி நினைக்கவில்லை. நிற்க வைப்பதைத் தனித் தொழிலாக எண்ணினார். கணபங்கம் பேசிய பௌத்தரும் அதை மறுத்த சித்தாந்தியும் இந்த ஓரிடத்தில் எதிர்பாராமல் சந்திக்கிறார்கள். எதுவும் சும்மா இருந்து நிலைப்பதில்லை. செஃப் நாள்தோறும் பிரதிகளின் விவரங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு பைட்டையும் படித்துச் சரிபார்க்கிறது. அலமாரியில் தூங்கும் ஃபிளாஷ் நினைவை இழக்கிறது. ஆயுள் தேய்ந்த நிறுவன டிஸ்க்கை மின்சாரமின்றி 40 டிகிரியில் வைத்தால் மூன்று மாதம் தரவைத் தாங்கினால் போதும் என்பதுதான் குறைக்கடத்தித் துறையின் ஜெடெக் தரநிலை கேட்பது. தில்லியின் மே மாதத்துக்கு அந்த வெப்பம் புதிதல்ல.

இதுவரை பௌத்தரின் தொடரே போதும் போலத் தோன்றுகிறது. சிக்கல் இனிமேல்தான்.

2019 நவம்பரில் சர்வர் தயாரிப்பாளரான எச்.பி.ஈ. நிறுவனம் தன் சில எஸ்.எஸ்.டி. (ஃபிளாஷ் டிஸ்க்) மாடல்களைப் பற்றி அவசர எச்சரிக்கை விடுத்தது. இயங்கத் தொடங்கி 32,768 மணி நேரம் ஆனதும் அந்த டிஸ்க்குகள் செத்துவிடும்; டிஸ்க்கும் மீளாது, தரவும் மீளாது. 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். உள் மென்பொருளில் மணியை எண்ணும் எண் அந்த அளவோடு நிரம்பிவிடுவதே காரணம். அடுத்த மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரம் என்று இன்னொரு எச்சரிக்கை வந்தது. வஞ்சியில் மணிமேகலைக்குத் தம் கொள்கையைச் சொன்ன ஆசீவகர் இதைக் கேட்டிருந்தால் புன்னகைத்திருப்பார். நியதி என்று அவர் சொன்னதை யாரோ மென்பொருளாகவே எழுதிவிட்டார்கள். ஒரே நாளில் ஒரே லாட்டில் வாங்கி ஒரே நேரத்தில் சுவிட்ச் போட்ட டிஸ்க்குகளுக்கு ஊழும் ஒன்றே. மூன்று பிரதிகளும் அவற்றில் இருந்தால் அவை மூன்றல்ல, ஒன்று. பிரதிகளைக் காப்பாற்றுவது அவற்றின் எண்ணிக்கையைவிட அவற்றுக்கு இடையே உள்ள வேற்றுமை.

அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. தொடர் விசுவாசமானது; பிழையையும் அதே விசுவாசத்தோடு சுமக்கும். ஒரு கோப்பை அழி என்றால் மூன்று பிரதியும் அழியும். பூட்டு என்றால் மூன்றும் பூட்டப்படும். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழை ஜிமெயில் பயனாளிகளில் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்களை விழுங்கியது. வெவ்வேறு டேட்டா சென்டர்களில் இருந்த பல பிரதிகளும் உதவவில்லை. கூகுள் கடைசியில் மீட்டது காந்த நாடாவிலிருந்து. கணினியோடு இணைப்பில் இல்லாத நாடாவைப் பிழையால் தொட முடியவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் கோப்புகளைத் தாங்கிய ஜி-டிரைவின் 858 டெராபைட் எரிந்துபோயிற்று. இவ்வளவு பெரியதற்கு வெளியே பேக்கப் வைப்பது கடினம் என்பதே சொல்லப்பட்ட காரணம். எய்ம்ஸைக் காப்பாற்றியதைப் போன்ற பேக்கப் ஜி-டிரைவுக்கு இல்லை.

தேவாரத்துக்கும் இப்படி வெளியே நின்ற பிரதி ஒன்று உதவியது உண்டு. திருவிடைவாய் என்னும் தலத்துச் சம்பந்தர் பதிகம் ஏட்டுச் சுவடிகள் எதிலும் வரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்க் கோயில் கல்வெட்டில் அது அகப்பட்டது. ஓலையை அரித்த கரையானுக்குக் கல்லில் வேலை இல்லை. நாடாவும் கல்வெட்டும் ஓட்டத்துக்கு வெளியே நின்றவை.

இங்கேதான் சித்தாந்தியின் பழைய ஆட்சேபம் கூர்மையாகிறது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும் என்றும், தானாக அறியாது, உணர்த்த உணரும் என்றும் மெய்கண்டார் மரபு சொல்கிறது. சேமிப்புக் கிளஸ்டரும் அப்படித்தான். மருந்துச் சீட்டை எழுதினால் மருந்துச் சீட்டு. திருடனின் பூட்டை எழுதினால் பூட்டு. இரண்டையும் ஒரே கவனத்தோடு மூன்று இடத்தில் காக்கும், வாரம் தவறாமல் சரிபார்க்கும், வேறுபாடு இல்லை என்று சான்றிதழும் தரும். பெரும்பான்மை வாக்கால் எந்த சர்வர் உயிரோடு இருக்கிறது என்று முடிவு செய்யும் மூன்று அல்லது ஐந்து கண்காணிப்பு நிரல்களுக்கும் அதற்கு மேல் அறிவு கிடையாது. நவம்பர் 22ஆம் தேதித் தரவுதான் சரி, 23ஆம் தேதித் தரவு தவறு என்று சொல்ல வேறொரு அறிவு வேண்டியிருந்தது.

பௌத்தர் இதற்கு மடங்கிவிட மாட்டார். அந்த அறிவும் ஒரு தொடர்தானே என்பார்: மருத்துவரின் ஞாபகம், நோயாளி கையில் வைத்திருந்த காகிதம், பேக்கப் எடுத்தவரின் வழக்கம், எல்லாம் கணந்தோறும் மாறிக்கொண்டு ஒன்றையொன்று தாங்குபவை, அவற்றுக்கு மேலே ஒரு நிலையான சாட்சி எதற்கு? நியாயமான பதில்தான். ஆனால் அந்தத் தொடர் முதல் தொடரிலிருந்து தனியாக ஓடியிருக்க வேண்டும் என்பதை அவரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஒன்றாகக் கலந்து ஓடியிருந்தால் இரண்டும் ஒரே இரவில் கெட்டிருக்கும். நிலையான ஆன்மா உண்டா என்ற வழக்கை இது தீர்க்காது. அதன் ஒரு கிளையை மட்டும் முடித்துவைக்கிறது: தன்னைக் காக்கும் தொடர், தான் காப்பது எதை என்பதற்குத் தானே சாட்சியாக முடியாது.

அரசுக் கொள்முதலின் இயல்பு இதற்கு நேர் எதிர்த் திசையில் இழுக்கிறது. ஜெம் என்னும் அரசு இணையச் சந்தையில் ஏலம், தகுதி பெற்றவர்களில் குறைந்த விலைக்காரரான எல்1, ஒரே ஆர்டர், ஒரே மாடல், ஒரே நாள் டெலிவரி. கணக்குத் தணிக்கைக்கு அது சுத்தம். ஊழுக்கும் அதுவே வசதி. விதியை மீறாமலே சில வரிகளை டெண்டரில் சேர்க்கலாம். டிஸ்க்குகள் இரண்டு தயாரிப்பாளர்களுடையதாக, வெவ்வேறு லாட்டில் வர வேண்டும். உள் மென்பொருள் எச்சரிக்கைகளைத் தேடிவந்து சரிசெய்வது சப்ளையரின் கடமை. பேக்கப் வேறு கட்டடத்தில், முடிந்தால் நாடா போன்ற வேறு ஊடகத்தில், வேறு கடவுச்சொல் வைத்திருப்பவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பேக்கப்பிலிருந்து உண்மையாகவே மீட்டுப் பார்த்துக் கையெழுத்திடும் அதிகாரியின் பதவிப் பெயர் ஆவணத்தில் இருக்க வேண்டும்.

முதல் மூன்றுக்கும் விலை கேட்கலாம். நான்காவதை எந்தச் சப்ளையரும் விற்பதில்லை. துறைக்குள்ளேயே ஒருவர் ஏற்க வேண்டும். அவர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போனால் அந்த வேலை யாருக்கு, அவருக்குப் பயிற்சி இல்லாவிட்டால் வேறு யாருக்கு என்பதையும், ராஜராஜனின் கல்வெட்டு எழுதியதைப் போல, அதே பத்தியில் எழுதிவிடலாம்.